சந்தேகத்தை ரெஃபரன்ஸில் எழுதலாமா?

கணக்குச் சேவை தரும் நிறுவனம் ஒன்றில் பிரிவுத் தலைவராக இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் அவர் சொல்வது போலவே தருகிறேன்.

"என் பிரிவில் நான்கு வருடம் வேலை பார்த்தவர் போன வருடம் ராஜினாமா செய்தார். முதல் மூன்று வருடம் அவரைப் போல ஒருவர் கிடைக்க மாட்டார் என்றுதான் இருந்தேன். வாடிக்கையாளர்கள் அவரைத்தான் கேட்டு வாங்கிப் பேசுவார்கள். கடைசி வருடம் ஆளே மாறிவிட்டார். தாமதமாக வருவார், சொல்லாமல் லீவு போடுவார். அவர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வாடிக்கையாளர்களின் வரிக் கணக்கு கெடு தாண்டித் தாக்கலானது. அபராதத்தை நாங்கள் கட்டினோம். நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு தடவை மட்டும் 'கொஞ்சம் பார்த்துக்கோங்க' என்றேன்.

அதே சமயத்தில் பெட்டி கேஷில், அதாவது சில்லறைச் செலவுக்கு வைத்திருக்கும் ரொக்கத்தில், இரண்டு முறை பணம் குறைந்தது. சாவி அவரிடமும் இருந்தது, வேறு இருவரிடமும் இருந்தது. அந்த இருவரும் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறார்கள். விசாரிக்கலாம் என்று நினைப்பதற்குள் இவர் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். போகிறவரை ஏன் நோகடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். அதோடு நிற்காமல், 'நேர்மையும் பொறுப்பும் மிக்கவர், எந்த நிறுவனத்துக்கும் இவர் ஒரு சொத்து' என்று அனுபவச் சான்றிதழும் எழுதிக் கொடுத்தேன். அந்த நாட்களில் அவர் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். என்னிடம் மட்டும்தான் அதைச் சொன்னார்.

இப்போது அவரை வேலைக்கு எடுக்கும் முன் என் கருத்தைக் கேட்டு வேறொரு நிறுவனம் ரெஃபரன்ஸ் படிவம் அனுப்பியிருக்கிறது. பணம் கையாளும் பொறுப்பு. 'நேர்மை எப்படி?', 'மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா?' என்றெல்லாம் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். அவரும் போன் செய்து, 'நல்லபடியா சொல்லுங்க மேடம், இதுவும் போச்சுன்னா எனக்கு வேற வழியில்ல' என்றார். எங்கள் எம்.டி., 'சேர்ந்த தேதி, விலகிய தேதி மட்டும் சொல்லி முடி' என்கிறார். எச்.ஆர். வேலையில் இருக்கும் தோழி, 'படிவத்துல நல்லதை எழுது, மிச்சத்தை போன்ல சொல்லிடு' என்கிறாள். எச்.ஆர். வாட்ஸ்அப் குழு ஒன்றிலும் இவரைப் பற்றி யாரோ விசாரித்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் மானநஷ்ட வழக்கு வருமா? மறைத்து, நாளைக்கு அங்கே பணம் போனால் என் மேல் வருமா?"

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

சொல்வதா, மறைப்பதா என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்துக்குள் நான்கு தனித்தனிச் சமாச்சாரங்கள் இருக்கின்றன. கெடு தாண்டியது நீங்கள் பார்த்தது. பெட்டி கேஷ் நீங்கள் சந்தேகப்பட்டது. மனச்சோர்வு அவர் உங்களை நம்பிச் சொன்னது. 'நேர்மையும் பொறுப்பும் மிக்கவர்' என்பது நீங்களே எழுதிக் கொடுத்தது. இவை நான்கையும் 'உண்மை' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதால்தான் அவிழ்க்கத் தெரியாமல் திண்டாடுகிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. பல நாடுகளின் சட்டம் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒரே திசையில்தான் போகிறது. அந்தத் திசையைச் சொல்கிறேன். கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் படிவத்தைக் காட்டிவிடுங்கள்.

'கெட்டதாகச் சொன்னாலே வழக்கு' என்பது பயம்தான்

முன்னாள் ஊழியரைப் பற்றிக் குறை சொல்வதே சட்டவிரோதம் என்று பலர் நம்புகிறார்கள். உங்கள் எம்.டி.யும் அப்படித்தான் நினைக்கிறார் போலிருக்கிறது. அப்படி ஒரு சட்டம் இல்லை. பார்க்கப் போனால், இப்படிக் கேட்கிறவருக்கு இப்படிப் பதில் சொல்கிறவரைக் காப்பாற்றத்தான் சட்டம் மெனக்கெட்டிருக்கிறது.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499ஆவது பிரிவு அவதூறைப் பற்றியது. இதே வாசகங்கள் சிங்கப்பூர், மலேசியத் தண்டனைச் சட்டங்களிலும் இதே எண்ணில் இருக்கின்றன. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவாகிவிட்டது. விதிவிலக்குகள் அப்படியே தொடர்கின்றன. அதில் ஒன்பதாவது விதிவிலக்கு நமக்கு வேண்டியது: தன்னுடைய நலனையோ இன்னொருவருடைய நலனையோ காப்பதற்காக நல்லெண்ணத்துடன் சொல்லப்படுவது அவதூறாகாது. சட்டமே ஒரு உதாரணமும் தருகிறது. கடைக்காரர் ஒருவர் தன் வியாபாரத்தைக் கவனிப்பவரிடம், 'ரொக்கம் கொடுத்தால் தவிர இன்னாருக்கு எதையும் விற்காதே, அவர் நாணயத்தில் எனக்கு நம்பிக்கையில்லை' என்கிறார். நல்லெண்ணத்துடன், தன் நலனைக் காக்கச் சொல்லியிருந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு நீங்கள் தரும் பதிலும் இந்த வகைதான்.

இங்கே ஒரு கொக்கி இருக்கிறது. 'நல்லெண்ணம்' என்றால் சட்டத்தில், மனதில் கெட்ட நோக்கம் இல்லை என்பது மட்டும் போதாது. உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்திருக்க வேண்டும். அதாவது 'நான் மனதார நம்பினேன்' என்றால் தப்ப முடியாது. எதை வைத்து நம்பினீர்கள், அதைச் சரிபார்த்தீர்களா என்று கேட்பார்கள். கெடு தாண்டிய விஷயத்தில் உங்களிடம் பதில் இருக்கிறது: தாக்கலான தேதி, அபராத ரசீது. பெட்டி கேஷ் விஷயத்தில் எதுவும் இல்லை.

கெடு தாண்டியதிலும் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு கணக்குகளும் முழுக்க அவர் பொறுப்பில்தான் இருந்தனவா? கெடுவுக்கு முன் மேலே ஒருவர் பார்த்து அனுமதி தர வேண்டிய வேலையா அது? வாடிக்கையாளர் ஆவணங்களைத் தாமதமாகத் தந்தாரா? பிரிவுத் தலைவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன். கோபப்படாதீர்கள். வழக்கு என்று வந்தால் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது இதைத்தான்.

சாவி மூன்று பேரிடம் இருந்தது

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இந்த வரிதான். மூன்று பேரிடம் சாவி. இருவர் இன்னும் உங்களிடமே வேலை பார்க்கிறார்கள். நாளைக்கு அந்த இருவரில் ஒருவர் வேறு வேலைக்குப் போய், அவரைப் பற்றி இதே படிவம் வந்தால், 'பெட்டி கேஷில் பணம் குறைந்தபோது இவரிடம் சாவி இருந்தது' என்று எழுதுவீர்களா? மாட்டீர்கள் என்றால், இவரைப் பற்றியும் எழுத முடியாது. அவர் விலகிப் போனார் என்பதும், அந்தச் சமயத்தில் சரியாக வேலை பார்க்கவில்லை என்பதும் அவரை மற்ற இருவரைவிடக் கூடுதல் சந்தேகத்துக்கு உரியவராக ஆக்கிவிடாது. தாமதமாக வருகிறவர் பணம் எடுப்பவராகத்தான் இருப்பார் என்று மனம் சுலபமாக முடிச்சுப் போட்டுவிடும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பிரிட்டனில் இது பெரிய வழக்காகவே வந்திருக்கிறது. 'ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷ்யூரன்ஸ்', 1994இல் அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. காப்பீட்டுத் துறையில் இருந்த ஒருவருக்கு, நாணயமே இல்லாதவர் என்ற பொருள்பட ரெஃபரன்ஸ் கொடுத்துவிட்டார்கள். அவருக்குத் துறையில் வேலை கிடைக்கவில்லை. கொடுத்தவர்களிடம் வன்மம் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்கள் என்பதை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அந்த நம்பிக்கைக்கு வந்த விதம் அஜாக்கிரதையானது என்றது. ரெஃபரன்ஸ் கொடுப்பவர், யாரைப் பற்றிக் கொடுக்கிறாரோ அந்த ஊழியர் விஷயத்திலும் கவனமாக நடந்துகொள்ளக் கடமைப்பட்டவர் என்ற விதி அங்கே உறுதியானது இந்தத் தீர்ப்பில்தான்.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 2001இல் வந்த 'காக்ஸ் எதிர் சன் அலையன்ஸ்'. கிளை மேலாளர் ஒருவர் மேல் நேர்மை குறித்த குற்றச்சாட்டுகள் இருந்தன. அவர் நிறுவனத்தோடு பேசி உடன்பாட்டுக்கு வந்து விலகியதும் விசாரணையைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். பிறகு ரெஃபரன்ஸ் கேட்டபோது அந்தக் குற்றச்சாட்டுகள் நிரூபணமானவை போலத் தொனிக்கும்படி பதில் போனது. மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பாதகமாக ஒன்றைச் சொல்வதானால், நியாயமான விசாரணை நடத்தி, நம்புவதற்குக் காரணம் இருக்கும் விஷயங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

நீங்கள் விசாரிக்கவில்லை. போகிறவரை நோகடிக்க வேண்டாம் என்ற இரக்கத்தில் விட்டீர்கள், புரிகிறது. ஆனால் அந்த இரக்கத்தின் விளைவு என்ன பாருங்கள்: தன் மேல் சந்தேகம் இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், 'அன்றைக்கு நான் லீவு' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். இல்லை, மாட்டியிருக்கலாம். இரண்டுக்குமே வாய்ப்பில்லாமல் போய், சந்தேகம் மட்டும் உங்கள் மனதில் மிச்சம்.

ஆகவே பெட்டி கேஷ் விஷயம் படிவத்தில் வரக்கூடாது. இது மறைப்பதாகாது. உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால்தான் மறைப்பது. இவர் எடுத்தாரா என்று உங்களுக்குத் தெரியாது.

நம்பிச் சொன்னது

மனச்சோர்வு பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம். 'பாவம், அவருக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் அப்படி' என்று அவருக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். தோன்றினாலும் சொல்லாதீர்கள். ஒருவருடைய நோயை வெளியில் சொல்லும் உரிமை அவருக்கு மட்டுமே. பல நாடுகளின் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களும் பாகுபாட்டுத் தடைச் சட்டங்களும் இதில் கடுமையாக இருக்கின்றன. நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்பது அங்கே எடுபடாது. நோயினால் எடுத்த லீவைக் குறையாகக் குறிப்பிடுவதும் இதே ஆபத்துதான். எனவே வருகையைப் பற்றிக் கேட்டால் முதல் மூன்று வருட நிலையைச் சொல்லி, கடைசி வருடம் சீராக இல்லை என்று மட்டும் சொல்லலாமா, அதுவும் வேண்டாமா என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். 'சில தனிப்பட்ட காரணங்கள் இருந்தன' என்று சேர்ப்பதானாலும் அவர் சம்மதம் வேண்டும்.

அந்தச் சான்றிதழ்

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. புகழ்ச்சி யாரையும் பாதிக்காது என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். பாதிக்கும், இரண்டு பக்கமும்.

ஒன்று, நீங்கள் நாளைக்கு எந்தக் குறையைச் சொன்னாலும் அவர் அந்தச் சான்றிதழை எடுத்து மேசையில் போடுவார். 'போன வருடம் நேர்மையும் பொறுப்பும் மிக்கவன். எனக்கு நல்ல வேலை கிடைக்கப் போகிறது என்றதும் பொறுப்பில்லாதவனா?' வன்மம் இருந்தது என்று நிரூபிக்க இதைவிட வசதியான ஆவணம் கிடைக்காது.

இரண்டு, வேண்டுமென்றே பொய்யாகப் புகழ்ந்தால் அதை நம்பி நஷ்டப்பட்டவர் உங்களிடம் வரலாம். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1997இல் 'ராண்டி டபிள்யூ. எதிர் மியூராக்' என்ற வழக்கைப் பார்த்தது. பள்ளி நிர்வாகி ஒருவர் மேல் பாலியல் அத்துமீறல் புகார்கள் இருந்தன. முன்பு அவர் வேலை பார்த்த பள்ளி மாவட்டங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு ஓகோவென்று பரிந்துரைக் கடிதம் கொடுத்தன. புதிய பள்ளியில் ஒரு மாணவி அவரால் பாதிக்கப்பட்டதாக வழக்கு. பேசாமல் இருந்திருந்தால் பொறுப்பு வந்திருக்காது, அரைகுறையாகப் புகழ்ந்து தவறான நம்பிக்கையை உண்டாக்கியதால் பரிந்துரைத்தவர்கள் மேல் வழக்குத் தொடரலாம் என்றது நீதிமன்றம். உடலுக்கு ஆபத்து விளையும் சூழலைப் பற்றிய தீர்ப்பு அது, உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் அதன் தர்க்கத்தைக் கவனியுங்கள்: சும்மா இருப்பதைவிட, தெரிந்தே அரை உண்மை சொல்வதில் ஆபத்து அதிகம். 'மறைத்தால் என் மேல் வருமா' என்று கேட்டீர்கள். பொதுவாக, கேட்காததைச் சொல்லவில்லை என்பதற்காக யாரும் உங்களைப் பிடிக்க முடியாது. நிதித் துறை போன்ற சில இடங்கள் மட்டும் விலக்கு. பிரிட்டனில் வங்கிகளின் சில பதவிகளுக்கு 2017 முதல் கடந்த ஆறு வருட விவரங்களைக் கட்டாயமாகத் தர வேண்டும்.

எழுதிய சான்றிதழைத் திரும்ப வாங்க முடியாது, வாங்கவும் முயலாதீர்கள். அதைத் திரும்பச் சொல்லாமல் இருங்கள், அதுவே போதும். புதிய நிறுவனம் அதைக் காட்டி, 'இப்படி எழுதியிருக்கிறீர்களே' என்றால், 'அது விலகும்போது பொதுவாகத் தரும் சான்றிதழ். நீங்கள் கேட்ட குறிப்பான கேள்விகளுக்கு இந்தப் படிவத்தில் இருப்பதையே என் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லலாம். அதில் பொய் ஏதும் இல்லை.

போன், பெருமூச்சு, வாட்ஸ்அப்

உங்கள் தோழி தந்த யோசனை எச்.ஆர். வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. போனில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்பது தப்புக் கணக்கு. எதிர்முனையில் இருப்பவர் பேசிக்கொண்டே குறித்துக்கொள்கிறார். பிறகு அது ஒரு மின்னஞ்சலில் 'முன்னாள் மேலாளர் இப்படிச் சொன்னார்' என்று ஏறுகிறது. படிவத்தில் ஒன்று, போனில் ஒன்று என்று இரண்டு பதில் பதிவாகிவிட்டால், நல்லெண்ணம் என்ற உங்கள் கவசத்தை நீங்களே கழற்றி வைத்த மாதிரி.

நேரடியாகச் சொல்லாமல் சாடையாகச் சொல்வதும் அப்படியே. 'அவரா... ம்ம்... நான் எதுவும் சொல்ல விரும்பலை' என்று இழுத்தால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். அந்தப் புரிதல் உண்மையைவிடப் பெரிதாகவே இருக்கும். 499ஆவது பிரிவின் விளக்கம் ஒன்று, கிண்டலாகச் சொன்னாலும் அவதூறாகலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. ஜெர்மனியில் ஊழியருக்கு எழுத்துச் சான்றிதழ் கேட்டுப் பெறும் உரிமை சட்டப்படி உண்டு. அங்கே முதலாளிகள் சங்கேத மொழியே உருவாக்கி வைத்திருக்கிறார்கள். 'வேலைகளைச் செய்ய முயற்சி எடுத்துக்கொண்டார்' என்று எழுதினால் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்று பொருள். இத்தனைக்கும், படிப்பவருக்கு வேறு அர்த்தம் தரும் மறைமுக வாசகங்கள் கூடாது என்று அதே சட்டம் தடுக்கிறது. தடுத்தும் நிற்கவில்லை. மனிதர்களுக்குச் சாடை பேசுவதில் அவ்வளவு பிரியம்.

வாட்ஸ்அப் குழுவில் பதில் போடவே போடாதீர்கள். ஒன்பதாவது விதிவிலக்கு மாதிரியான பாதுகாப்புகள், கேட்க நியாயமான தேவை உள்ளவரிடம் சொல்வதற்குத்தான். குழுவில் இருக்கும் மற்றவர்களுக்கு இவரை வேலைக்கு எடுக்கும் தேவை எதுவும் இல்லை. இப்படிப் பரிமாறிக்கொள்ளும் தகவல் எங்கே போய் முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2009இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் ஒரு சோதனை நடத்தியபோது, கட்டுமான நிறுவனங்கள் ரகசியமாகப் பகிர்ந்துவந்த கறுப்புப் பட்டியல் ஒன்று சிக்கியது. அதில் 3,213 பேர் பெயர் இருந்தது. தொழிற்சங்க வேலை, பாதுகாப்புக் குறைகளைச் சுட்டிக்காட்டியது போன்ற காரணங்களுக்காகப் பெயர் ஏறியவர்கள் பலர். வேலை கிடைக்காமல் போனதற்குக் காரணம் என்ன என்று அதுவரை அவர்களுக்கே தெரியாது. உங்கள் குழுவில் இருப்பவர்கள் அவ்வளவு மோசமானவர்கள் என்று நான் சொல்லவில்லை. வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

முதல் போன் அவருக்கு

படிவத்தைத் தொடும் முன் அவருக்குப் போன் செய்யுங்கள். இத்தனை பக்கச் சட்டத்தைவிட இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஒருவரிடம் முகத்துக்கு நேரே சொல்லாத குறையை மூன்றாம் மனிதரிடம் முதல் முதலாகச் சொல்வது நியாயமில்லை. நீங்கள் இதுவரை அவரிடம் சொன்னது 'கொஞ்சம் பார்த்துக்கோங்க' மட்டும். வாடிக்கையாளர் இரண்டு பேருக்கு அபராதம் வந்த விஷயத்தில் உங்களுக்கு இவ்வளவு மனவருத்தம் இருந்தது என்பதுகூட அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்திருந்தால் உங்கள் பெயரைக் கொடுத்திருப்பாரா என்பதும் சந்தேகம்தான்.

பேச்சு இப்படிப் போகலாம்: "படிவம் வந்திருக்கு. உங்க வேலையில நல்லா இருந்ததை எல்லாம் நிச்சயம் எழுதுவேன், வாடிக்கையாளர்கள் உங்களைத் தேடினாங்கன்னும் எழுதுவேன். வேலையோட தரத்தைப் பத்திக் கேட்டா, ரெண்டு தாக்கல் தாமதமானதை மறைக்க மாட்டேன். அதுல உங்க தரப்புல ஏதாவது இருந்தா சொல்லுங்க, சேர்த்து எழுதறேன். உங்க உடல்நிலை பத்தி நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். வேற ஒருத்தர் பேரைக் கொடுக்கணும்னு தோணினா இப்பவே கொடுத்துடுங்க, எனக்கு வருத்தம் இல்ல."

வருத்தப்படுவார். கெஞ்சவும் செய்யலாம். 'வேற வழியில்ல' என்று அவர் சொன்னது உங்களை அசைத்திருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் அவருக்கு உண்மையான வழி ஒன்றை நீங்கள் காட்டுகிறீர்கள்: நேர்காணலில் கெடு விஷயத்தைத் தானே எடுத்துச் சொல்லிவிடலாம். ஆள் எடுப்பவர்களுக்குக் குறையைவிட, குறையை வேறொருவர் வாயிலிருந்து கேட்பதுதான் அதிகம் உறுத்தும்.

இந்தப் போனில் பெட்டி கேஷைப் பற்றிக் கேட்காதீர்கள். ரெஃபரன்ஸ் கையில் இருக்கும்போது அதைக் கேட்டால் மிரட்டல் போல ஆகிவிடும். நிறுவனம் விசாரிக்க விரும்பினால் தனியாக, சாவி வைத்திருந்த மூன்று பேரையும் ஒரே மாதிரி விசாரிக்கட்டும்.

படிவத்தில் என்ன எழுதலாம்

யார் சார்பில் எழுதுகிறீர்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டிலோ அலுவலக மின்னஞ்சலிலோ போனால் அது நிறுவனத்தின் வாக்கு. எம்.டி. வேண்டாம் என்றால் அவரை மீறி எழுத உங்களுக்கு அதிகாரமில்லை. அவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் மேலே படியுங்கள்.

வேலையின் தரத்தைக் கேட்டால், முழுப் படத்தையும் அதனதன் அளவில் கொடுங்கள். மூன்று நல்ல வருடத்துக்கு ஒரு வரி, ஒரு சுமாரான வருடத்துக்கு ஒரு பத்தி என்று போனால், ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருந்தும் மொத்தம் பொய்யாகிவிடும். 'நான்கு வருடம் என் பிரிவில் இருந்தார். வாடிக்கையாளர்களைக் கையாள்வதில் மிகச் சிறந்தவர். கடைசி வருடத்தில் அவர் பொறுப்பில் இருந்த இரண்டு வரித் தாக்கல்கள் கெடுவுக்குப் பிறகு நடந்தன; அதற்கு முந்தைய மூன்று வருடங்களில் அப்படி நேர்ந்ததில்லை.' இது போதும். முந்தைய வருடங்கள் பற்றிய வரியை மட்டும் பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். 'பொறுப்பற்றவர்', 'சோம்பேறி' போன்ற சொற்கள் வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள், ஆளைப் பற்றிய தீர்ப்பு அவர்கள் வேலை.

நேர்மை பற்றிய கேள்விக்கு: 'இவர் மீது நேர்மை தொடர்பான ஒழுங்கு நடவடிக்கையோ நிரூபிக்கப்பட்ட புகாரோ எங்கள் பதிவில் இல்லை.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. நீங்கள் உத்தரவாதமும் கொடுக்கவில்லை, குற்றமும் சாட்டவில்லை. ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற கட்டம் இருந்தால் அதைக் காலியாக விட்டு, இந்த வரியைப் பக்கத்தில் எழுதுங்கள். கட்டத்தில் ஐந்து போட்டால் பழைய சான்றிதழை மறுபடி எழுதுவது போல. இரண்டு போட்டால் விசாரிக்காத சந்தேகத்துக்கு எண் கொடுப்பது போல.

'மீண்டும் எடுப்பீர்களா?' என்பது பொல்லாத கேள்வி. ஆமாம், இல்லை என்று மட்டும் சொன்னால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஆளாளுக்குக் கற்பனை செய்துகொள்வார்கள். உங்கள் மனதில் என்ன பதில் என்று கேட்டுப் பாருங்கள். கடிதத்தின் தொனியை வைத்து நான் ஊகிப்பது: வாடிக்கையாளர் பக்கம் நிச்சயம் எடுப்பீர்கள், கெடுவைத் தனியாகக் கண்காணிக்கும் வேலைக்கு யோசிப்பீர்கள். அப்படியென்றால் அதையே எழுதுங்கள். இல்லை, சந்தேகத்தினால்தான் 'இல்லை' என்று சொல்லத் தோன்றுகிறது என்றால், 'இந்தக் கேள்விக்குப் பதில் தருவதில்லை' என்று விடுங்கள்.

படிவத்தின் அடியில் 'இது ரகசியமாகத் தரப்படுகிறது, என் அறிவுக்கு எட்டியவரை சரியானது' என்று சேர்ப்பது நல்லது. அது மந்திரக் கயிறு அல்ல. வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் கேட்டு வாங்கிப் பார்க்கும். ஆகவே அவர் ஒரு நாள் படித்தாலும் நீங்கள் அவர் முகத்தைப் பார்க்க முடிகிற மாதிரி எழுதுங்கள். ஒரு நகலும், ஆதாரமான தேதிகளும் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

எம்.டி. சொல்லும் 'தேதி மட்டும்'

சட்டப்படி அது பாதுகாப்பான வழி, மறுக்க முடியாது. பெரிய நிறுவனங்கள் பல அதைத்தான் கொள்கையாக வைத்திருக்கின்றன. அதன் விலையை நன்றாக வேலை பார்த்தவர்கள் கொடுக்கிறார்கள் என்பது என் மனக்குறை. பத்து வருடம் உழைத்தவருக்கும் பத்து மாதம் ஒப்பேற்றியவருக்கும் இரண்டே தேதிகள்.

எம்.டி. அதில் உறுதியாக இருந்தால் கட்டுப்படுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை கேளுங்கள்: எல்லோருக்கும் அதே. போன மாதம் ஒருவருக்குப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்துவிட்டு இவருக்கு மட்டும் தேதி கொடுத்தால் அந்தத் தேதிகளே கெட்ட ரெஃபரன்ஸ் ஆகிவிடும். பதிலில், 'எல்லா முன்னாள் ஊழியர்களுக்கும் நாங்கள் இந்த விவரங்களை மட்டுமே தருகிறோம்' என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். அவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வேறு யாரையாவது கேட்க அவருக்கு நேரம் கிடைக்கும்.

இனி விலகுகிறவர்களுக்கு, ராஜினாமா கடிதம் வந்த வாரத்திலேயே ஒரு பக்கக் குறிப்பு எழுதி, அவரையும் படிக்கச் சொல்லி இருவரும் கையெழுத்துப் போட்டு வைக்கலாம். எதில் நன்றாக இருந்தார், எதில் குறை, அவர் பதில் என்ன. பிறகு எத்தனை வருடம் கழித்து யார் கேட்டாலும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. உங்கள் பிரிவில் இதைத் தொடங்க எம்.டி. தடை சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று அவர்கள் சொன்னது உங்களை விரட்ட வேண்டாம். எம்.டி.யின் சம்மதமும் அவரோடு பேசுவதும் அதற்குள் முடியாவிட்டால், இன்னும் சில நாள் தேவை என்று இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலும் தருவார்கள். சொல்லாமல் தாமதித்தால் மட்டும், அந்தத் தாமதத்துக்கு அவர்களாக ஓர் அர்த்தம் கற்பித்துக்கொள்வார்கள்.